தூக்குச்சட்டியும் சீனத்துக் கோப்பையும்

அஸர் தொழுகை முடிந்து சற்று நேரம் கழிந்ததும் ரமளான் மாதத்து மேலப்பாளையத் தெருக்களில் ஓர் ஓசை எழும். நடையின் அசைவில் தூக்குச்சட்டியின் மூடி விளிம்போடு மோதுகின்ற ஓசை அது. ஒவ்வொரு சந்திலிருந்தும் ஐந்தாறு சிறுவர் சிறுமியர், பித்தளைத் தூக்கும் அலுமினியத் தூக்கும் எவர்சில்வர் தூக்குமாகப் பள்ளிவாசலை நோக்கிப் போவார்கள். பள்ளியின் பின்கட்டில் நோன்புக் கஞ்சி அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கி வைத்திருப்பார்கள். ரம்பை இலையின் மணமும் வெந்த பூண்டின் மணமும் தெருமுனை வரை வந்து அழைக்கும்.

அந்தக் கஞ்சியைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதைச் சொல்லச் சீன தேசம் வரை ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வாப்பா கைத்தறி நெசவாளர். மேலப்பாளையத்தில் அன்று தறிச் சத்தம் கேட்காத வீடு குறைவு. தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு வாப்பா லுங்கி நெய்வார்கள்; முற்றத்தில் உம்மா பீடி சுற்றுவார்கள். நோன்பு மாதத்தில் வீட்டில் மாலை அடுப்பு எரிவது அபூர்வம். பள்ளிவாசல் கஞ்சியும், தெருமுனையில் வாங்கிய நான்கு வடையும், ஒரு பேரீச்சம்பழமும் சேர்ந்தால் எங்களுக்கு அது விருந்து. கஞ்சி வாங்கி வரும் பொறுப்பு மூத்தவனான எனக்கு.

கஞ்சி காய்ச்சுவதை வேடிக்கை பார்ப்பதற்காகவே நான் சீக்கிரம் போய்விடுவேன். லுஹர் முடிந்ததும் பண்டாரி அடுப்பைப் பற்றவைப்பார். கொதிக்கின்ற நீரில் பச்சரிசி நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் உரித்த பூண்டும் விழும். தனிச் சட்டியில் பட்டை, கிராம்பு, ஏலம் தாளித்து, வெங்காயம், இஞ்சி, தக்காளி, புதினா, மல்லித்தழை ஆகியவற்றோடு கொத்திய ஆட்டிறைச்சியையும் வதக்கி அண்டாவில் சேர்ப்பார்கள். கடைசியில் தேங்காய்ப்பால். அதற்குப் பின்னர்தான் உண்மையான வேலை. ஆள் உயரத் துடுப்பைப் போட்டு அடிவரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை அடிபிடித்தால் அண்டா முழுவதும் தீய்ந்த வாடை ஏறிவிடும். நோன்பாளியான பண்டாரி அனலின் முன் வியர்வை வழிய நிற்பார். உப்புச் சரியா என்று சுவைத்துப் பார்க்கவும் வழியில்லை. கண்ணளவும் கையளவும்தான். ஆயினும் ஒரு நாளும் உப்புப் பிசகியதாக எனக்கு நினைவில்லை.

அரிசியிலுள்ள மாவுச்சத்துத் துகள்கள் சூட்டில் நீரை உறிஞ்சி, ஊதி, உடைந்து கலப்பதால்தான் கஞ்சிக்கு அந்தக் குழைவு வருகிறது. முழு அரிசியை விட நொய் விரைவில் குழைவதும் அதனால்தான். பகலெல்லாம் வறண்டு கிடந்த உடலுக்கு நீர், உப்பு, மாவுச்சத்து, சிறிது கொழுப்பு ஆகிய நான்கும் ஒரே கோப்பையில் கிடைத்துவிடுகின்றன. வெறும் வயிற்றில் பொரித்த பண்டத்தைத் திணிப்பதினும் இதுவே வயிற்றுக்கு இதமானது. அந்த நாளில் எங்கள் நொய்யெல்லாம் தாமிரபரணி தந்ததுதான். பாளையங்கால்வாய் எங்கள் ஊரை ஒட்டி ஓடுகிறது. கார் அறுவடையும் பிசான அறுவடையும் முடிந்தால் அரிசி ஆலைகளில் நொய் மலிவாகக் கிடைக்கும்.

1967ஆம் ஆண்டு ரமளான் டிசம்பர் மாதத்தில் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு பையனும் என் வகுப்பில் இருந்தான். அவன் வீட்டார் வெளிநாட்டில் வாணிகம் செய்து வசதியாக வாழ்ந்தவர்கள். ஒரு நாள் இடைவேளையில் ஏதோ சண்டை மூண்டபோது, அத்தனை பேர் முன்னிலையிலும் அவன், “போலே, கஞ்சிக்கு வரிசைல நிக்கிற பயலே!” என்று சொல்லிவிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நம் மொழியில் கஞ்சி என்னும் சொல்லோடு வறுமையும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. வறியவனைச் சுட்ட வேண்டுமானால் கஞ்சிக்கு வழியில்லாதவன் என்கிறோம். நோன்புக் கஞ்சி அந்தக் கஞ்சி அல்ல, செல்வர் வீட்டுத் தூக்கும் அதே வரிசையில்தான் வருகிறது என்று எடுத்துச் சொல்ல அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை அஸருக்குப் பிறகு நான் தூக்குச்சட்டியை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

“ஏம்லே, கஞ்சிக்குப் போகலியா?” என்று தறிக்குழியிலிருந்து வாப்பா கேட்டார்கள்.

“நான் போகமாட்டேன். பிச்சைக்காரன் மாதிரி நிக்க என்னால முடியாது” என்றேன்.

வாப்பா அடிக்கவில்லை, திட்டவுமில்லை. சற்று நேரம் பாவு நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னர் குழியிலிருந்து எழுந்து, கையைக் கழுவி, தொப்பியை அணிந்து, தூக்குச்சட்டியைத் தாமே எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். அந்த நோன்பு முழுவதும், அதன் பின்வந்த நோன்புகளிலும், பிள்ளைகளின் வரிசையில் வாப்பா நின்றார்கள். அவர்கள் வாங்கி வந்த கஞ்சியை நான் குடித்தேன்.

பிறகு நான் ஆசிரியரானேன். முதல் சம்பளம் வாங்கிய ஆண்டு முதல் ரமளானில் ஒரு நாள் கஞ்சிச் செலவை ஏற்றுக்கொண்டேன். ஜமாஅத் பலகையில் என் பெயரும் எழுதப்பட்டது. கணக்கு நேராகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வரிசையில் மட்டும் நான் நின்றதே இல்லை. என் வீட்டுத் தூக்கைப் பக்கத்து வீட்டுச் சிறுவர்களோ, பின்னாளில் என் மகனோ எடுத்துப் போவார்கள்.

அந்த மகன் வளர்ந்து, ஏற்றுமதி வாணிகத்தில் இறங்கி, சீனாவின் குவாங்சோ நகரில் அலுவலகம் வைத்தான். 2018ஆம் ஆண்டு அக்டோபரில் எங்களை அங்கே அழைத்தான். வாப்பாவை என் தங்கையின் பொறுப்பில் விட்டுவிட்டு நானும் என் மனைவியும் போனோம். எங்களுக்கு இருந்த ஒரே கவலை உணவுதான். ஒரு வாரத்துக்கான அரிசிமாவும் ஊறுகாயும் பெட்டியில் ஏறின.

அந்தக் கவலை பாதி தேவையற்றது என்பதைச் சில நாட்களில் உணர்ந்தேன். சீனாவில் ஹுய் என்னும் முஸ்லிம் மக்கள் பன்னூறு ஆண்டுகளாக வாழ்கிறார்கள். அவர்களுடைய உணவுக்கடைகளின் முகப்பில் ‘சிங்ஜென்’ என்று சீன எழுத்தில் இருக்கும். தூய்மையும் உண்மையும் என்பது அதன் பொருள். நாம் ஹலால் என்பதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். அந்தச் சொல் இல்லாத கடையில் சூப் என்று எதையும் வாங்கக்கூடாது. பன்றிக் கொழுப்பையும் அரிசி மதுவையும் சமையலில் சேர்ப்பது அங்கே சாதாரணம். அந்தப் பக்கம் போகின்ற சகோதர சகோதரிகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

குவாங்சோவில் ஒரு சிங்ஜென் கடையில் மகன் எங்களுக்கு முதன்முதலாக வாங்கித் தந்தது மேற்கு ஏரி மாட்டிறைச்சிச் சாறு. ஹாங்சோ நகரத்து ஏரியின் பெயர் கொண்ட சாறு அது. பளிங்கு போன்ற குழம்பில் பொடியாகக் கொத்திய இறைச்சியும், முட்டையின் வெண்கரு இழை இழையாகவும், மேலே மல்லித்தழையும் மிதந்தன. மல்லித்தழையைக் கண்டதும் என் மனைவிக்குத் தைரியம் வந்தது. எனக்கோ முதல் வாய் பிடிக்கவில்லை. காரமில்லை, புளிப்பில்லை, நாக்கில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பாதிக் கோப்பை உள்ளே போன பிறகுதான் அதன் இதம் தெரிந்தது.

இத்தகைய கெட்டிச் சாறுகளுக்குச் சீன மொழியில் ‘கெங்’ என்று பெயர். அந்த எழுத்தை மகன் தாளில் எழுதிக் காட்டினான். மேலே இருப்பது ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் எழுத்து. கீழே இருப்பது அழகு, சுவை எனப் பொருள்படும் எழுத்து. ஆட்டுக்குட்டியும் அழகும் சேர்ந்தால் கெட்டிச் சாறு! எங்கள் பண்டாரி கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார் என்று சொன்னேன். சீனச்சட்டி, சீனி என்று நம் அடுக்களையில் சீனத்தின் பெயரைத் தாங்கிய சொற்கள் இருப்பதைப் போல, நம் சொல் ஒன்றும் அங்கே இருக்கக் கண்டேன். அந்நகரத்தார் காலையில் அருந்துகின்ற அரிசிக் கஞ்சியை அவர்கள் பேச்சில் ‘ஜோக்’ என்கிறார்கள். ஆனால் கடையின் ஆங்கிலப் பட்டியலில் ‘காஞ்ஜீ’ என்றிருந்தது. அது நம் கஞ்சிதான். போர்த்துகீசியர் நம் கரையில் கேட்ட சொல்லை எடுத்துப் போக, அது ஆங்கிலத்துக்குப் போய், இன்று உலகெங்கும் உள்ள சீனக் கடைகளின் பட்டியலில் ஏறியிருக்கிறது. வகுப்பில் எனக்கு வசையாக வந்த சொல் கண்ணாடிச் சட்டமிட்ட பட்டியலில் இருந்ததைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் சியான் நகரத்துக்குப் போனோம். பட்டுப்பாதையின் கீழ்க்கோடி என்று வரலாற்றில் நான் பாடம் நடத்திய ஊர் அது. அங்குள்ள பெரிய பள்ளிவாசலைப் பார்த்தால் முதலில் பள்ளிவாசல் என்றே தோன்றாது. வளைந்த ஓட்டுக் கூரைகள், மரத் தூண்கள், தோட்ட முற்றங்கள், மினாராவுக்குப் பதிலாக அடுக்கு மண்டபம். ஆனால் முற்றங்கள் யாவும் கிழக்கிலிருந்து மேற்காக ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று தொழுகைக் கூடத்தில் முடிகின்றன. நம் ஊரைப் போலவே அவர்களுக்கும் கிப்லா மேற்கே. அங்கே ஃபஜ்ரு தொழுதுவிட்டு வெளியே வந்தபோது நல்ல குளிர். சந்தின் திருப்பத்தில் ஓர் அண்டாவிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது.

அதைச் சுற்றி ஒரு வரிசை. வெள்ளைத் தொப்பி அணிந்த முதியவர்கள், பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், கைப்பெட்டியோடு அலுவலகம் போகிறவர்கள், கடைத்தெருவைக் கூட்டிவிட்டு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்த ஒருவர். எல்லார் கையிலும் கோப்பை. கோப்பையில் வட்டமான கெட்டி ரொட்டி. நிற்கும்போதே அதைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹுலாதாங் என்றான் மகன். கோப்பையொன்றை என்னிடம் நீட்டி, “வரிசையில நில்லுங்க வாப்பா. நான் உம்மாவுக்கு இடம் பிடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

கோப்பையோடு நின்றேன். வெட்கமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ! அறுபத்து மூன்று வயதில், மொழி தெரியாத ஊரில், என்னை யார் என்றே அறியாதவர்கள் நடுவே, பன்னிரண்டு வயதுப் பையனின் வெட்கம் வந்தது. என் முன்னால் நின்ற முதியவர் திரும்பி என் தொப்பியைப் பார்த்து ஸலாம் சொன்னார். பதில் சொன்னதும் முகம் மலர்ந்து, என் தோளைப் பிடித்துத் தமக்கு முன்னால் நிறுத்தினார். என் ரொட்டித் துண்டுகள் பெரியவை என்று தலையை ஆட்டிவிட்டு, தாமே அவற்றைச் சிறிதாகப் பிய்த்துத் தந்தார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி அந்த ஒரு ஸலாம்தான்.

ஹுலாதாங் என்பதில் ‘ஹு’ மிளகையும், ‘லா’ காரத்தையும், ‘தாங்’ சாற்றையும் குறிக்கின்றன. சியானில் சிறிய மாட்டிறைச்சி உருண்டைகளும் உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் போட்டு, எலும்புச் சாற்றில் வேகவைத்துக் கெட்டியாக்குகிறார்கள். மேலே ஒரு கரண்டி மிளகாய் எண்ணெய். ஊதி ஊதி ஒரு வாய் வைத்தேன். தொண்டையில் மிளகு இறங்கியது. ஊரைவிட்டுப் புறப்பட்ட பிறகு என் நாக்கு விழித்துக்கொண்டது அன்றுதான். என் மனைவி முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, “நம்ம கஞ்சிக்கு இது சித்தி மகள்” என்றாள்.

ஹெனான் மாகாணத்தார் செய்யும் ஹுலாதாங் வேறு வகை. அதிலும் சியாவ்யாவ், பெய்வுது என்னும் இரண்டு ஊர்களின் ஹுலாதாங்குக்குப் பெயர் அதிகம். 2021இல் சீன அரசு அவ்விரண்டின் செய்முறையையும் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதன் கெட்டித்தன்மை வரும் விதத்தை மகன் தன் ஹெனான் நண்பரிடம் கேட்டுச் சொன்னபோது திருநெல்வேலிக்காரனான நான் வியந்துபோனேன். கோதுமை மாவைப் பிசைந்து ஊறவைத்து, நீரில் அலசி அலசிப் பிழிகிறார்கள். பால் போன்ற நீர் இறங்குகிறது. சாற்றைக் கெட்டியாக்குவது அந்தப் பால். கையில் எஞ்சிய பசைப்பொருளையும் வீணாக்காமல் மென்மையான துணுக்குகளாகச் சாற்றிலேயே சேர்க்கிறார்கள். நம் ஊர் அல்வாவும் கோதுமைப் பாலில்தானே திரள்கிறது! நாம் முழுக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, சக்கையைக் கழித்துவிடுகிறோம். பாலில் நாம் சீனியையும் நெய்யையும் சேர்த்தோம். அவர்கள் மிளகையும் இறைச்சியையும் சேர்த்தார்கள்.

அந்த மிளகு சீனத்துக்குப் போன வழியில் நம் ஆற்றுக்கும் பங்கு உண்டு. மிளகு விளைந்தது பொதிகைக்கு அப்பால் மலையாளக் கரையில். அந்தக் கரையையும் தென்பாண்டிக் கரையையும் தொட்டுச் சென்ற மரக்கலங்களே அதைக் கிழக்கே கொண்டு சேர்த்தன. தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதினார். சீனத்துக் கலங்களை நடத்திவந்த முஸ்லிம் தளபதி ஜெங் ஹெ மேற்கொண்ட பயணங்களைப் பற்றிய சீனக் குறிப்புகளில் காயல் ‘ஜியாயிலெ’ என்று காணப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் பழையகாயலில் தோண்டிப் பார்த்தபோது சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. உடைந்துபோன யாரோ ஒருவருடைய கோப்பைகள் அவை.

ஊர் திரும்பியதும் என் மனைவி ஹெனான் முறையை வீட்டில் செய்து பார்த்தாள். ஆறிய மாவுநீரைக் கொதிக்கும் சாற்றில் சிறிது சிறிதாக ஊற்றி, கையை நிறுத்தாமல் கலக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே முறையில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். முதல் முறை கட்டி தட்டத்தான் செய்தது. இரண்டாம் முறை நன்றாக வந்தது. இறக்கும்போது கொஞ்சம் காடியும் நல்லெண்ணெயும் சேர்த்தாள். இன்னொன்றையும் கண்டோம். வாய்வைத்த கரண்டியையே மீண்டும் மீண்டும் இட்டுக் குடித்தால், கெட்டியாக இருந்த சாறு நேரம் செல்லச் செல்ல நீர்த்துப்போகிறது. உமிழ்நீரிலுள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதே காரணம். குடித்து மிச்சம் வைத்த நோன்புக் கஞ்சி சஹருக்குள் நீர்த்துவிடுவதை உம்மா ஷைத்தானின் வேலை என்பார்கள்!

வாப்பாவுக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. பல் ஒன்றும் இல்லை. கட்டிலருகே உட்கார்ந்து அந்தச் சாற்றை ஊட்டிக்கொண்டே சியான் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், “அங்கேயும் வரிசைல நின்னுதான் வாங்கணுமா?” என்று கேட்டார்கள்.

“ஆமா வாப்பா.”

“நீ நின்னியா?”

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. “நின்னேன்” என்றேன். வாப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஐம்பத்தோர் ஆண்டுகளில் அந்தப் பேச்சை அவர்கள் எடுத்தது அந்த ஒரு முறைதான். அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சாறு ஆறிவிடும் என்று சொல்லி அடுத்த வாயை ஊட்டினேன்.

2019ஆம் ஆண்டு ரமளான் மே மாதத்தில், கத்திரி வெயிலில் வந்தது. இந்த முறை நானே போய்க் கஞ்சி வாங்கி வந்து வாப்பாவுக்குத் தர வேண்டும் என்று எண்ணியிருந்தேன். வெயில், முழங்கால் வலி, ஊரார் என்ன நினைப்பார்களோ என்னும் பழைய கூச்சம் என்று நாட்கள் ஓடிவிட்டன. பக்கத்து வீட்டுச் சிறுவனே வாங்கி வந்தான். அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

அடுத்த ஆண்டு 2020. கொரோனா பரவல் காரணமாக ஏப்ரல் தொடக்கத்திலேயே மேலப்பாளையத்தின் வழிகளெல்லாம் தடுப்புகளால் அடைக்கப்பட்டன. ஏப்ரல் 25ஆம் நாள் முதல் நோன்பு. பள்ளிவாசல் கதவு பூட்டியிருந்தது. அண்டா கவிழ்ந்து கிடந்தது. நோன்புக் கஞ்சிக்கென்று 2001ஆம் ஆண்டு முதல் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு வழங்கிவருகின்ற பச்சரிசி அந்த ஆண்டும் வந்தது. மாநிலம் முழுவதும் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் ஒதுக்கப்பட்டு, கஞ்சியாகக் காய்ச்சாமல் வீடுகளுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டது. எங்கள் தெருவுக்கும் பைகளில் வந்தது.

என் மனைவி அதே அரிசியில், அதே பக்குவத்தில், ரம்பை இலை முதற்கொண்டு எதையும் விடாமல் காய்ச்சினாள். நோன்பு திறந்ததும் வாப்பாவுக்கு ஊட்டினேன். இரண்டு கரண்டி போனது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பள்ளிக் கஞ்சி இல்லியே?”

“இந்த வருஷம் பள்ளியில காய்ச்சலை வாப்பா.”

“ஏன்? பண்டாரிக்கு உடம்பு சரியில்லியா?”

வெளியே நடப்பது எதுவும் அவர்கள் நினைவில் தங்கவில்லை. மறுநாளும் அதே கேள்வி. அதற்கடுத்த நாளும் அதே கேள்வி. நான்கு பேருக்கு வைக்கும் சட்டியில் அண்டாவின் சுவை வராது. பெரிய அண்டாவில் சூடு நின்று நிதானமாக வேகும். விறகுப் புகை சற்று ஏறும். அத்தனை கொழுப்பும் அத்தனை பூண்டும் ஒன்றையொன்று தேடிக் கலக்க நேரம் இருக்கும். என் மனைவி நொய்யைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், கொட்டாங்கச்சிக் கங்கைக் கிண்ணத்தில் வைத்து மூடிப் புகை காட்டியும் பார்த்தாள். வாப்பா ஒவ்வொரு நாளும் மரியாதைக்காக இரண்டு கரண்டி குடித்தார்கள். அந்த நோன்பு முழுவதும் பள்ளிக் கஞ்சியைக் கேட்டார்கள். என் பெயர் எழுதப்பட்ட பலகை பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தது.

ஜூலை மாதத்தில் வாப்பா வஃபாத்தானார்கள். முதுமைதான், வேறு நோய் இல்லை. கட்டுப்பாட்டுக் காலமாதலால் ஜனாஸாவில் கலந்துகொண்டவர்களை எண்ணிவிடலாம்.

இதன்பின் பல ஊர்க் கஞ்சிகளைப் பற்றி விசாரிக்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. கோலாலம்பூரின் கம்போங் பாரு பள்ளிவாசலில் ரமளான் தோறும் காய்ச்சிப் பகிரும் மலாய்க் கஞ்சியின் பெயர் புபூர் லம்பொக். மொராக்கோவில் தக்காளியும் பருப்பும் கொண்டைக்கடலையும் சேர்ந்த ஹரீரா. ஹைதராபாத் ஹலீமுக்குப் புவிசார் குறியீடே 2010இல் கிடைத்தது. அரபு நாடுகளின் ஹரீஸை 2023இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அனைத்தும் தானியம், நீர், இறைச்சி அல்லது பருப்பு, பொறுமையான கை ஆகியவற்றால் ஆனவை. இவற்றுள் நான் சுவைத்தது ஹலீம் ஒன்றைத்தான். நெய் சற்று அதிகம் என்பது என் எண்ணம். ஹைதராபாத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

2022ஆம் ஆண்டு ஏப்ரலில் நோன்பு தொடங்கியபோது கட்டுப்பாடுகள் நீங்கியிருந்தன. முதல் நோன்பன்று அஸர் முடிந்ததும் பரணிலிருந்து வாப்பாவின் பித்தளைத் தூக்கை இறக்கினேன். என் மனைவி புளிபோட்டுத் துலக்கித் தந்தாள். விடுமுறைக்கு வந்திருந்த ஏழு வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு பள்ளியின் பின்கட்டுக்குப் போனேன்.

என்னைக் கண்டதும் துடுப்பைப் பிடித்திருந்த இளைஞர் பதறினார். என்னிடம் படித்தவர். “ஸார், நீங்க ஏன் வந்து நிக்கிறீங்க? பையன்கிட்டே சொல்லிவிட்டா கொடுத்து அனுப்பியிருப்போமே. இங்கே முன்னாடி வாங்க” என்றார்.

“நான் வரிசையிலேயே வர்றேன் தம்பி” என்றேன்.

என் முன்னால் பதினைந்து இருபது பிள்ளைகள். அவர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். என் முழங்கால் வலித்தது. அண்டாவிலிருந்து வந்த மணம் மாறவில்லை. எங்கள் முறை வந்ததும் இரண்டு அகப்பை ஊற்றினார்கள். பேரன் தானே தூக்கி வருவேன் என்று அடம்பிடித்தான். கொடுத்தேன். நான்கு வீடு தாண்டுவதற்குள் கால் இடறிப் பாதிக் கஞ்சி அவன் சட்டையிலும் மீதி மண்ணிலுமாகக் கொட்டிவிட்டது. நல்ல வேளையாகச் சூடு ஓரளவு தணிந்திருந்தது. அழத் தொடங்கியவனைத் தெருக்குழாயில் கழுவிவிட்டேன். பாங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. வெறும் தூக்கோடு இருவரும் திரும்பிப்போய் வரிசையின் கடைசியில் நின்றோம்.